மழலையும் தொலைக்காட்சியும்

மக்கள்தம் மழலையைக் குழலினும் யாழினும் மேலாக மதித்த வள்ளுவனார், அவ்விரு கருவிகளையும் எறிந்துவிடுக என்று யாண்டும் கூறினாரல்லர். மக்கட்பேற்றிற்கு ஓரதிகாரம் வகுத்த அவரே கேள்விக்கும் ஓரதிகாரம் வகுத்தார். ஆயின், இந்நாளில் இல்லறத்தார் பலர், குழந்தை பிறந்தவுடன் தமக்கிருந்த இசையார்வம், ஆட்டவேட்கை, அரசியலறிவு ஆகிய மூன்றினையும் பரணில் ஏற்றிவிடுதலே பெற்றோர்க்கு இலக்கணம் என்று கருதுகின்றனர். வேறு சிலரோ, மூன்றில் ஒன்றனையும் விடமாட்டாராய், மாலை ஆறு மணிக்குத் திறந்த தொலைக்காட்சியை நள்ளிரவு மட்டும் மூடாது, அதன் ஓசைக்கு நடுவே மகவிற்குச் சோறூட்டி, அதன் ஓசைக்கு நடுவே துயிற்றவும் செய்கின்றனர். இவ்விரு திறத்தாரும் நம் கலாசாலை ஆசிரியரிடையேயும் பழைய மாணாக்கரிடையேயும் உளர். இரு சாரார் கொள்கையும் பிழை என்பதே யாம் ஈண்டுச் சொல்லப் புகுந்தது. யாமும் மக்களைப் பெற்று வளர்ப்போமாதலின், துறவியர் இல்லறத்தார்க்குச் செய்யும் உபதேசமாக இதனைக் கொள்ளாது, ஒரே நுகத்திற் பூட்டுண்டார் தம்முட் பேசிக்கொள்ளும் பேச்சாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

தொலைக்காட்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. தில்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தோன்றிய அது, 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் சென்னைக்கு வந்தது. அந்நாளில் ஒளிபரப்பு நாளொன்றிற்குச் சில மணி நேரமே நிகழ்ந்தது. வெள்ளிக்கிழமை இரவில் 'ஒலியும் ஒளியும்' என்னும் பெயரால் திரைப்பாடல்கள் வரும். அவை முடிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருத்தல் வேண்டும். 1983-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள், இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் திடலில் நம்மவர் மேற்கிந்தியத் தீவினரை 43 ஓட்டங்களால் வென்று உலகக் கோப்பையைக் கைக்கொண்டபோது, பெட்டியுள்ள வீட்டைத் தேடிச்சென்று கண்டோர் பலர். அக்காலத்துப் பெற்றோர் எதனையும் தெரிந்தெடுக்க வேண்டியதில்லை. நிலையத்தாரே தெரிந்தெடுத்தனர், நிலையத்தாரே நிறுத்தினர். பின்னர் 1990-க்கு மேல் தனியார் அலைவரிசைகள் பல்கின. 2006-இல் தமிழ்நாட்டு அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கத் தொடங்கவே, குடிசையிலும் பெட்டி புகுந்தது. இற்றை நாளில் ஒளிபரப்பிற்கு ஓய்வென்பதே இல்லை. நிறுத்தும் தொழில் நிலையத்தார் கையை விட்டுப் பெற்றோர் கைக்கு வந்துவிட்டது. இம்மாற்றத்தைப் பெற்றோருட் பலர் இன்னும் உணர்ந்திலர். யாரோ நிறுத்துவர் என்று எதிர்பார்த்தே அமர்ந்திருக்கின்றனர்.

மாலைப்பொழுதின் கணக்கைச் சிறிது நோக்குவோம். வேலைக்குச் செல்லும் பெற்றோர் வீடு சேர்வது ஆறு மணியளவில். இளங்குழந்தை ஒன்பது மணிக்கேனும் உறங்குதல் வேண்டும். இடைப்பட்ட மூன்று மணி நேரத்திற்குள் குளியல், பாடம், உணவு, சண்டை, சமாதானம், கதை யாவும் அடங்க வேண்டும். தொலைக்காட்சியாரோ தாம் அரியவெனக் கருதுவனவற்றை எல்லாம் அதே மூன்று மணி நேரத்திற் கொண்டுவந்து கொட்டுகின்றனர். ஐ.பி.எல். ஆட்டம் ஏழரை மணிக்குத் தொடங்குகின்றது. அரசியல் விவாதமும் பாட்டுப் போட்டியும் அதனை ஒட்டியே வருகின்றன. மக்கள் வீட்டிலிருக்கும் நேரமே விளம்பரம் செய்வார்க்கு விலையுயர்ந்த நேரமாதலின் இஃது இயல்பே. ஆயின், வணிகர்க்கு விலையுயர்ந்த அந்நேரமே குழந்தைக்கும் விலையுயர்ந்தது.

இந்நெருக்கடிக்குப் பலரும் கண்டுள்ள வழி ஒன்றுண்டு. ஊன்றிப் பார்ப்பதில்லை, பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கவில்லையே, என்ன தீங்கு என்பர். தீங்குண்டு. 2009-இல் அமெரிக்க நாட்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தி, அவர்தம் செவியில் விழும் பேச்சைக் கணக்கிட்டனர். தொலைக்காட்சி ஓசை கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும், பெரியோர் வாயிலிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் 770 அளவிற் குறைந்தன என்று கண்டனர். மாலையில் மூன்று மணி நேரம் பெட்டி ஓடினால் அக்கணக்குப்படி இழப்பு இரண்டாயிரம் சொற்களுக்கு மேல். பெட்டி அத்தனை சொற்களையும் தானே பேசிவிடுகிறதே எனின், அது குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவதன்று, 'ஏன்?' என்று குழந்தை கேட்டால் விடை கூறுவதுமன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டா என்றும், அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளொன்றிற்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாதிருக்கட்டும் என்றும் கூறுகின்றது. ஆகலின், மூன்று மணி நேரம் அரைக்கண்ணால் நோக்குவதினும், வேண்டியதொன்றை ஒரு மணி நேரம் முழுக்கண்ணால் நோக்கிவிட்டு மூடிவிடுதல் நன்று என்பதே எமது துணிபு. குழவி உறங்கிய பின்னராயின் இன்னும் நன்று.

நிற்க. இவ்வாறு கூறுமிடத்து, யாருடைய கண் என்றொரு வினா எழுகின்றது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் மார்த்தாள், மரியாள் என்னும் உடன்பிறந்தார் இருவரை நம் வாசகர் அறிவர். இயேசுநாதர் வீட்டிற்கு எழுந்தருளியபோது மரியாள் அவர் பாதத்தருகே அமர்ந்து வசனம் கேட்டாள்; மார்த்தாள் பற்பல பணிகளால் வருந்திக் குறைகூறினாள். ஆண்டவர் மரியாளையே புகழ்ந்தார். அன்று அடுப்பிலிருந்ததை யார் இறக்கிவைத்தார் என்பது எழுதப்படவில்லை. நம் இல்லங்களில் அஃது எழுதப்படாமலே யாவர்க்கும் தெரியும். தந்தை கூடத்தில் அமர்ந்து ஆட்டத்தைக் காண்கின்றார். தாய் அடுக்களையிலிருந்து அதனைக் கேட்கின்றார். ஆரவாரம் எழும்போது தோசைத் திருப்பியைக் கையிற் பிடித்தபடியே, 'யார் அவுட்டு?' என்று வினவிக்கொண்டு வாயில் வரை வருகின்றார். அவர் வருவதற்குள் விக்கெட்டு வீழ்ந்த காட்சியை இருமுறை காட்டி முடித்து, விளம்பரத்திற்குச் சென்றுவிடுகின்றனர். பெற்றோர்க்கு நேரமில்லை என்று பொதுவாகப் பேசுவது, இவ்விருவர் நேரமும் ஒன்றென்று பேசுவதாகும். அப்பேச்சு உண்மையன்று. ஆதலின், எதனைக் காண்பது, எதனை விடுப்பது என்னும் ஆராய்ச்சி எவ்வீட்டில் நடப்பினும், அதில் தாயின் பங்கை முதலில் எடுத்துவைத்த பின்னரே ஏனையது பேசுதல் நேர்மை.

மூன்றனுள் முதலாவதாகிய சங்கீதம் காத்திருக்கும் இயல்பினது. மார்கழியிற் பாடிய தோடியைத் தையிற் கேட்டாலும் தோடியே. பதிவு செய்து வைத்துக்கொண்டு, குழந்தை உறங்கிய பின் கேட்பதற்குத் தடையில்லை. எனினும், குழந்தையை மடியிலிருத்திக்கொண்டு காணவேண்டிய இசைக்காட்சி ஒன்றுண்டு. அது திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனை. பகுள பஞ்சமியன்று காலையில், வித்துவான்கள் வரிசை வரிசையாகத் தரையில் அமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களிலும் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனங்களை ஒரே குரலாகப் பாடுகின்றனர். தூர்தர்ஷன் அதனை நேரே ஒளிபரப்புகின்றது. அங்கே போட்டியில்லை, பரிசில்லை, தனித்தனியே கைதட்டலுமில்லை. மூன்று வயதுக் குழந்தையும் தாளம் போட்டுக்கொண்டு பார்க்கும். அவ்வரிசைகளிற் பெண்கள் அமர்ந்திருப்பதும் தானே வந்ததன்று. தியாகராஜர் சமாதியின்மேற் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மையார், ஆராதனையிற் பெண்கள் பாட இடமில்லாமை கண்டு, பெண்களுக்கென்றே ஒரு குழு அமைத்துப் போராடிப் பெற்றது அது. பெண்மகவுடையார் இதனையும் சொல்லிக் காட்டலாம்.

இதற்கு நேர்மாறானவை சிறார் பாட்டுப் போட்டிகள். குழந்தைகள் பாடுவதைக் குழந்தைகள் பார்ப்பதில் என்ன குற்றம் என்று எம்மைப் பலர் கேட்டதுண்டு. பாடுவதிற் குற்றமில்லை, சில பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு யாமும் வியந்திருக்கின்றோம். குற்றம் அதன் பின்னர் நிகழ்வது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று நடுவர்முன் நிற்கிறது, முடிவு சொல்லப்படாது நீட்டப்படுகின்றது, மத்தளம் அதிர்கின்றது, இடையில் விளம்பரம் வருகின்றது, பின்னர் அப்பிள்ளை விலக்கப்படுகின்றது. அது தேம்பி அழுவதையும், கீழே அதன் தாய் அழுவதையும் கருவி மிக நெருங்கிச் சென்று காட்டுகின்றது. அழுகையே அங்கு விற்பனைப் பொருள். சிறுவர்களைப் பெரியோர் போல் முறையற்ற அசைவுகளோடு ஆடவைத்துக் காட்டுவதைத் தவிர்க்குமாறு, மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அலைவரிசைகளுக்கு அறிவுரை கூறவேண்டியிருந்தது என்றால், இத்துறை சென்ற தூரத்தை வாசகரே அளந்துகொள்க. எம் வீட்டில் இவற்றிற்கு இடமில்லை. இசைக்குப் பகையாதலின் அன்று. பாட்டு என்பது தோற்பதற்கும் வெல்வதற்கும் உரியதென்று குழந்தை எண்ணிவிடும் என்னும் அச்சத்தினால்.

அரசியலைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. இரவு விவாதங்களை விட்டொழிப்பதனால் பெற்றோர் இழப்பது யாதொன்றுமில்லை என்பதை யாம் துணிந்து கூறுவோம். நாலைந்து கட்டங்களில் நாலைந்து முகங்கள் ஒரே வேளையிற் பேசுகின்றன. நம் கலாசாலையின் சொற்போர்க் கூட்டங்களில், தலைவர் மணியடித்தால் வாக்கியத்தை முடிக்காமலே அமர்ந்து பழகிய நமக்கு அது விவாதமாகவே தோன்றுவதில்லை. அங்குக் கூறப்பட்டவற்றுள் செய்தி எனத் தக்கது உளதாயின், மறுநாட் காலைப் பத்திரிகையில் ஐந்து நிமிடத்திற் படித்துவிடலாம். ஒருவன் பேசும்போது மற்றவன் உரத்துப் பேசுதலே கருத்து வேற்றுமை என்று குழந்தை கற்றுக்கொண்டால், அதனை மறப்பிக்க ஐந்து நிமிடம் போதாது.

அதனால் அரசியலையே விலக்குக என்கின்றோமல்லோம். பார்லிமெண்டின் நடவடிக்கைகளை நேரே காணும் வாய்ப்பு நம் தந்தையர்க்குப் பல்லாண்டு கிடைத்திலது. 1989-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் குடியரசுத் தலைவர் இரு சபைகளுக்கும் ஆற்றிய உரையே முதன்முதல் நேரே ஒளிபரப்பப்பட்டது. 2006-இல் மக்களவைக்கெனத் தனி அலைவரிசை ஏற்பட்டது. வரவு செலவுத் திட்ட உரையை மாலை 5 மணிக்குப் படிக்கும் பழைய வழக்கத்தை மாற்றி, 1999 முதற் காலை 11 மணிக்குப் படிக்கின்றனர். அந்நேரம் பிள்ளைகள் பள்ளியிலிருப்பர், கைக்குழந்தையோ உறங்கும். பெற்றோர்க்கு இதனினும் நல்ல நேரம் யார் குறித்துத் தருவார்? வாக்கு எண்ணும் நாளைப் பிள்ளைகளோடு அமர்ந்து காண்பது இன்னும் பயனுடையது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் மக்களவைத் தேர்தல் வாக்குகளை எண்ணியபோது, தமிழ்நாட்டிற் பள்ளிகள் கோடை விடுமுறை கழிந்து திறந்தில. மொத்த இடங்கள் 543, பெரும்பான்மைக்கு வேண்டுவன 272 என்று எழுதிக் கையிற் கொடுத்தால், பத்து வயதுச் சிறுவன் அன்று முழுதும் கூட்டியும் கழித்தும் கொண்டிருப்பான். முன்னணியில் இருப்பது வேறு, வெல்வது வேறு என்பதையும் நண்பகலுக்குள் அறிந்துவிடுவான்.

ஈண்டு இளம் ஆசிரியர் சிலர் இடைமறித்து, 'தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசுவானேன்? எல்லாம் கைப்பேசியில் வந்துவிட்டனவே; குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே ஒரு காதிற் கருவியை மாட்டிக்கொண்டு எல்லாம் பார்த்துவிடலாமே' என்பர். பார்த்துவிடலாந்தான். ஆயின், பெட்டி கூடத்தில் இருப்பது. அது திறந்திருப்பதும் மூடியிருப்பதும் யாவர்க்கும் தெரியும். தந்தை எதனைக் கண்டு சிரித்தார் என்பதைக் குழந்தையும் கண்டு, தானும் சிரிக்கும். கைப்பேசியின் திரையோ தந்தை ஒருவர்க்கே தெரிவது. குழந்தைக்குத் தெரிவது, ஒளி விழுந்த தந்தை முகமும், தன்னைப் பாராத அவர் கண்களுமே. அவர் வீட்டிலிருக்கிறாரா, சேப்பாக்கத்தில் இருக்கிறாரா என்பது குழந்தைக்கு விளங்காது. பெட்டியையும் கைப்பேசியையும் ஒப்பிட்டுப் பெட்டியைப் புகழும் காலம் வரும் என்று 1975-இல் யாரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்பர். இன்று யாம் புகழ்கின்றோம்.

இனி எஞ்சியது ஆட்டம். இதுவொன்றே காத்திராதது. முடிவு தெரிந்த பின் பதிவைப் பார்ப்பது, விருந்து முடிந்தபின் இலையை எண்ணுவது போலும். ஆதலின், பெற்றோர் தம்மிடமுள்ள சில மாலைகளைச் செலவிடத்தக்கது ஆட்டத்திற்கே என்று கருதுகின்றோம். எவ்வாட்டம் என்பதே வினா. ஐ.பி.எல். போட்டியில் 2022 முதல் ஒரு பருவத்திற்கு 74 ஆட்டங்கள். ஒவ்வொன்றும் மூன்றரை மணி நேரத்திற்குக் குறையாது. முழுதும் காண்பார் இரண்டு மாதத்துள் இருநூற்றைம்பது மணி நேரத்தை அதற்கு ஈவார். அதுவும் மார்ச்சு மாதக் கடைசியிற் பிள்ளைகள் தேர்விற்குப் படிக்கும் நாளிலே தொடங்குகின்றது. இறுதி ஓவர்கள் வீசப்படுவது இரவு பதினொரு மணியளவில். பருவத்திற்கு நான்கு ஆட்டம் என்று வரையறுத்து, எந்நான்கு என்பதைப் பிள்ளைகளே தெரிந்தெடுக்க விடுவது எம் வழக்கம். தெரிந்தெடுத்தலில் அவர்கள் செய்யும் வாதங்களைக் கேட்பது சில வேளை ஆட்டத்தினும் சுவையுடையது.

குழந்தையுடையார்க்கென்றே அமைந்த ஆட்டம் ஐந்து நாள் டெஸ்டு ஆட்டமே என்பது எமது நெடுநாளைய அபிப்பிராயம். நாளொன்றிற்கு 90 ஓவர். இடையில் எழுந்து பால் காய்ச்சலாம், பாடம் சொல்லலாம், துணி உலர்த்தலாம்; திரும்பி வந்தால் பெரும்பாலும் அவ்விருவரே மட்டை பிடித்து நிற்பர். மெல்போர்ன் நகரில் ஆட்டம் தொடங்குவது நம் நேரப்படி விடியற்காலை 5 மணி. கைக்குழந்தை விழித்துக் கொட்டமடிக்கும் நேரமும் அதுவே. தூங்கவிடாத குழந்தையைத் தோளிலிட்டுக்கொண்டு, ஓசையை முற்றும் அடக்கிவிட்டு, பச்சைத் திடலை நோக்கி நின்ற தந்தையரும் தாயரும் நம்முட் பலர் இருப்பர். 2021-ஆம் ஆண்டு பொங்கலுக்கு மறுநாள் பிரிஸ்பேன் நகரில் தொடங்கிய ஆட்டத்தில், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் முதன்முறையாக டெஸ்டுக் களம் புகுந்தனர். ஆஸ்திரேலியர் 1988-க்குப் பின் தோல்வியறியாத திடல் அது. ஐந்தாம் நாள் நம்மவர் 328 ஓட்டங்கள் என்னும் இலக்கை எட்டி மூன்று விக்கெட்டுகளால் வென்றனர். பெருந்தொற்றால் பள்ளிகள் பெரும்பாலும் மூடியிருந்த காலமாதலின், அதனைக் குடும்பத்தோடு அமர்ந்து கண்ட வீடுகள் பல. சிற்றூரிற் பிறந்த ஒருவன் அத்திடலில் நின்று பந்து வீசுவதைக் காட்டுதற்கு ஒரு தந்தை தன் மகனை விடியலில் எழுப்பினானாயின், அதனைத் தூக்கக்கேடு என்று யாம் சொல்லமாட்டோம்.

மகளையும் எழுப்பவேண்டிய இரவு 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் வந்தது. மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம் நவி மும்பையில், மழையால் இரண்டு மணி நேரம் தாழ்ந்து தொடங்கியது. நம் மகளிர் தென்னாப்பிரிக்கரை 52 ஓட்டங்களால் வென்றபோது நள்ளிரவாகிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு உறங்குக என்று மேலே விதித்த யாமே, அன்று எம் பெண்மக்களை விழித்திருக்கவிட்டோம். மறுநாட் பள்ளியில் அவர்கள் கொட்டாவி விட்டதும் உண்மையே. ஆண்டிற்கு முந்நூற்று அறுபது நாள் விதியைக் காத்தவர்க்கு ஐந்து நாள் அதனை மீற உரிமையுண்டென்று கொள்கின்றோம். எந்த ஐந்து நாள் என்பதில் மட்டும் கருத்தாயிருத்தல் வேண்டும்.

அவ்விரவு ஞாயிற்றுக்கிழமையாதலின் வீட்டில் யாவரும் இருந்தனர். ஆட்டம் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிற்று. இராவுணவு சமைக்கும் நேரம் முழுதும் அதனுள் அடங்கிற்று. இந்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையை வென்ற அவ்வாட்டத்தைத் தம் அன்னையர் கூடத்தில் அமர்ந்து கண்டனரா, அடுக்களையிலிருந்து கேட்டனரா என்பதை, இவ்விதழைப் படிக்கும் மாணவ மாணவியர் இவ்விடுமுறையில் தத்தம் இல்லத்தில் ஒருகால் வினவிப் பார்ப்பாராக. கேட்டனர் என்பது விடையாயின், அன்று சட்டியை அடுப்பினின்றும் யார் இறக்கியிருக்கலாம் என்று தந்தையாரையும் உடன் வைத்துக்கொண்டே பேசலாம்.